அரை நூல் பயம்

1. விளக்கு

எங்கள் தையல் யூனிட்டில் யாரையும் நாளையிலிருந்து வராதே என்று வாயால் சொல்ல மாட்டார்கள். மேனேஜர் பின்னால் வந்து நிற்பார். நம் தோளுக்கு மேலே கையை நீட்டி, மெஷின் தலையில் இருக்கும் சின்ன விளக்கின் சுவிட்சைத் தட்டி அணைப்பார். அவ்வளவுதான். அந்தப் பெண் துணியை மடித்து வைத்துவிட்டு, கத்தரிக்கோலை ஒப்படைத்துவிட்டு, டிபன் பாக்ஸோடு ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கணக்கு முடித்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைப் பார்த்தேன். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருத்தியின் விளக்கு அணைந்தது. பல்பு போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமா என்று பக்கத்து மெஷின்காரியிடம் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே, "பல்பு போவலக்கா. அந்தப் பொண்ணுதான் போவுது. நீ கம்னு தையி" என்றாள். அவள்தான் அலமேலு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. அந்த எஸ்டேட் வருவதற்கு முன்னால் அவள் அப்பா அதே மண்ணில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்.

பயம் என்றால் எனக்கு வயிற்றில்தான் வரும். அன்றைக்கு வந்தது, அப்புறம் பல மாதம் போகவே இல்லை. எண்பதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய், மற்றவர்களோடு நின்றுவிட்டு, திரும்பி வருவார். இரண்டு பிள்ளைகள், திருநின்றவூரில் வாடகை வீடு. என் விளக்கு அணைந்தால் வீட்டில் அடுப்பும் அணைந்துவிடும். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மேனேஜர் பெயர் கோதண்டம். கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் தேவலை, கத்தி முடித்ததும் ஒரு முடிவு தெரியுமே. இவர் சத்தமே போடாமல் வந்து பின்னால் நிற்பார். இடுப்பில் ஸ்டோர் சாவிக்கொத்து தொங்கும். பத்து மெஷின் ஓடுகிற சத்தத்திலும் அந்தச் சாவிச் சத்தம் மட்டும் எங்கள் காதுக்குத் தனியாகக் கேட்கும். எப்படி என்று கேட்காதீர்கள், கேட்கும்.

2. கால் இன்ச்

இப்போது வேலைக்கு வருகிற பெண்களுக்கு க்வில்ட் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. சின்னச் சின்னக் கட்டமாக வெட்டிய துணியை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, ஒரு சதுரம் ஆக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளாக். பிளாக்குகளைச் சேர்த்தால் போர்வையின் மேல்பக்கம். அடியில் பஞ்சு, அதற்கும் அடியில் இன்னொரு துணி. வெளிநாட்டுக்காரர்கள் போர்த்திக்கொள்ள.

ஸாம்பிளை விரித்துக் காட்டியபோது அலமேலு சும்மா இருக்கவில்லை. "நம்ம ஊட்ல துணி கிழிஞ்சாதான் ஒட்டுப் போடுவோம். இவுங்க புத்தம்புது துணியக் கிழிச்சி ஒட்டுப் போடச் சொல்றாங்க. நல்லாகீதுக்கா கதை" என்றாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த லைனில் நாங்கள் சிரித்தது அன்றோடு சரி.

கணக்கு இதுதான். மூன்றரை இன்ச் கட்டம் நாலு சேர்ந்தால் ஒரு வரிசை, நாலு வரிசை சேர்ந்தால் ஒரு பிளாக். நாலு மூன்றரை பதினாலு இன்ச். நடுவில் மூன்று தையல். ஒவ்வொரு தையலும் இந்தத் துணியில் கால் இன்ச், அந்தத் துணியில் கால் இன்ச் என்று அரை இன்ச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். மீதி பன்னிரண்டரை இன்ச் நிற்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல் என்பது தையல்காரர் கணக்கு. கால் இன்ச் என்றால் இரண்டு நூல். கை கொஞ்சம் தவறி இரண்டரை நூல் பிடித்துவிட்டோம் என்று வையுங்கள். அரை நூல்தானே, கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நூல் போகும், மூன்று தையலுக்கு மூன்று நூல். பிளாக் பன்னிரண்டே சொச்சத்தில் வந்து நிற்கும். அதைக் கொண்டுபோய் சரியான பிளாக்கோடு சேர்த்தால் ஒன்று இழுத்துக்கொள்ளும், இன்னொன்று புடைத்துக்கொள்ளும். போர்வை முழுக்கக் கோணல்.

கால் இன்ச் பிசகாமல் இருக்க ஊசித் தட்டுக்குப் பக்கத்தில் மெக்கானிக் டேப் ஒட்டிக் கொடுத்தார். துணி உரசி உரசி அது பிய்ந்துபோனது. அப்புறம் நாங்களே ஒரு வழி செய்தோம். நெற்றிக்கு வைக்கிற நீளமான கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை, ஸ்கேல் வைத்து அளந்து, தட்டிலேயே ஒட்டிக்கொண்டோம். துணியின் ஓரம் பொட்டைத் தொட்டுக்கொண்டு போனால் கால் இன்ச். பிய்ந்தால் கைப்பையில் இன்னொன்று இருக்கும். மேனேஜர் முதலில் முகம் சுளித்தார், அளந்து பார்த்ததும் விட்டுவிட்டார்.

ஆக பொட்டு சரி, மெஷின் சரி. பிளாக் மட்டும் குறைந்தது.

3. தகரச் சட்டம்

செக்கிங் மேசையில் ஒரு தகரச் சட்டம் இருந்தது. உள்ளே சரியாகப் பன்னிரண்டரை இன்ச். பிளாக்கை அதற்குள் வைப்பார்கள். நாலு ஓரமும் தகரத்தைத் தொட்டால் பாஸ். ஓரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் மேசை தெரிந்தால் ரிஜெக்ட். முதல் லாட்டில் பாதிக்கு மேல் மேசை தெரிந்தது. அதில் ஒரு விசித்திரம், பல பிளாக்குகள் ஒரு பக்கம் சரியாக இருந்து மறு பக்கம் குறைந்தன.

முதலில் கட்டிங் மாஸ்டர்மேல் பழி. அவர் வெட்டிய கட்டங்களை அடுக்கி வைத்து அளந்து காட்டினார், எல்லாம் மூன்றரை. பிறகு அயர்ன் பண்ணுகிறவர்மேல் பழி, சூட்டில் துணி சுருங்குகிறது என்று. அவர் வெறும் துணியை அயர்ன் பண்ணிக் காட்டினார், சுருங்கவில்லை. மெக்கானிக் எல்லா மெஷினிலும் துணியை அமுக்குகிற ஃபுட்டைக் கழற்றி மாட்டினார். கடைசியில் பழி எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. வேறு யாரும் மிச்சமில்லையே.

கோதண்டம் சார் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். போர்வையை வாங்குகிற பையரின் ஆள் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார், அவர் கையில் இதே மாதிரி குறைந்த பிளாக் போனால் இந்த லைனையே மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் யார் கையில் குறைகிறதோ அவர்களைத் தான் எடுத்துவிடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் வரிசையை விட்டு நகரவில்லை. ஒவ்வொருத்தி பின்னாலும் நிற்பார். அவர் நிற்க நிற்க ரிஜெக்ட் கூடியது. கூடக் கூட இன்னும் நெருங்கி நின்றார். இரண்டு பேருக்கு விளக்கு அணைந்தது. அதில் ஒருத்தி என்னோடு திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறவள். மறுநாள் லேடீஸ் பெட்டியில் அவள் உட்கார்கிற ஜன்னலோரம் காலியாக இருந்தது. எனக்கு அங்கே உட்கார மனசு வரவில்லை, பட்டரவாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். வெயில் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அவர் கம்பெனி கேட்டே போதும், என் கேட்டையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்? உள்ளங்கை வேர்வை வெள்ளைக் கட்டத்தில் கறை படிந்துவிடுமோ என்று புடவையில் துடைத்துத் துடைத்துத் தைத்தேன். அப்படியும் செக்கிங் மேசையில் என் பெயர் எழுதிய சீட்டோடு குறைந்த பிளாக்குகள் சேர்ந்துகொண்டே இருந்தன. புதன்கிழமை காலை கோதண்டம் சார் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

4. பின்பக்கம்

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. ரிஜெக்ட் ஆன என் பிளாக் ஒன்றைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம் என்று கவிழ்த்துப் போட்டேன். முன்பக்கம் பார்த்தால் பூ மாதிரி இருக்கும். பின்பக்கம்தான் தையல்காரியின் வண்டவாளம் தெரிகிற இடம்.

வரிசையையும் வரிசையையும் சேர்க்கிற நீளத் தையல் ஒன்று இருந்தது. பாதி தூரம் வரைக்கும் பிடிப்பு ஒரே சீராகக் கால் இன்ச், கோடு போட்ட மாதிரி. அப்புறம் திடீரென்று தையல் உள்ளே போயிருந்தது. அங்கிருந்து கடைசி வரைக்கும் அரை நூல் அதிகம். துணி பொட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு பக்கம் சரி, மறு பக்கம் குறை என்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது நீலக் கட்டம். நீலக் கட்டம் தைத்துக்கொண்டிருந்தபோது என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போதுதான் என் பின்னால் சாவிச் சத்தம் கேட்டது.

அலமேலுவைக் கூப்பிட்டு அவளுடைய பிளாக்கையும் கவிழ்த்துப் பார்த்தேன். அதிலும் பாதி சீர், பாதி பிசகு. அவள் கையில் இருந்த எலுமிச்சைச் சோற்று வாசனையோடு குனிந்து பார்த்தாள். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள், அன்று குரலைத் தாழ்த்தி, "எக்கா, அந்தாளு வந்து நின்ன எடம் இது" என்றாள்.

ஏன் வெளியே போகாமல் உள்ளே போகிறது என்பதற்கும் காரணம் இருந்தது. நாங்கள் யாரும் க்வில்ட்டில் பிறந்தவர்கள் இல்லை. எங்களில் பாதிப் பேர் ஆவடிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து காண்ட்ராக்ட்காரரிடம் காக்கித் துணி வாங்கி யூனிஃபார்ம் தைத்தவர்கள். அங்கே ஒரே ஒரு பாவம்தான் உண்டு, தையல் விட்டுப்போவது. ஓரம் நழுவிப் பிரிந்தால் மூஞ்சியில் விட்டெறிவார்கள். அதனால் சந்தேகம் வந்தால், யாராவது பார்த்தால், துணியைக் கொஞ்சம் அதிகமாகப் பிடி என்று கை பழகிவிட்டது. பேன்ட்டில் அரை நூல் உள்ளே போனால் யாருக்கும் நஷ்டமில்லை, தையல் கெட்டியாக நிற்கும். பயந்தால் கெட்டியாகப் பிடிப்பது எங்களுக்குப் பத்திரம். க்வில்ட்டில் அந்தப் பத்திரம்தான் எங்களைக் கவிழ்த்தது.

தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம்? இதைப் போய் யார் அவரிடம் சொல்வது? அலமேலு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மணி அடித்தது, இரண்டு பேரும் எங்கள் மெஷினுக்குப் போய்விட்டோம். சொல்லாமல் இருந்துவிடலாம், கையை அடக்கித் தைத்தால் போதும் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடக்க முடியவில்லை. சாவிச் சத்தம் வரிசையின் முனையில் கேட்டது. ஒவ்வொரு மெஷினாக நெருங்கியது. பொட்டைப் பார், பொட்டைப் பார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. துணி பொட்டைத் தாண்டிப் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன், கை கேட்கவில்லை. தோளுக்கு மேலே சட்டைக் கை ஒன்று வந்தது. டக் என்று விளக்கு அணைந்தது.

அது அணைந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அதற்கு முன்னால் இழக்க ஏதோ இருந்தது, இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் பார்த்துச் சொன்னேன்.

"சார், நீங்க பின்னாடி நின்னா தையல் உள்ள போவுது."

அவருக்குப் புரியவில்லை. என்னம்மா சொல்றே என்றார். நான் மேசையில் இருந்த பிளாக்கைக் கவிழ்த்து, சீராக இருந்த இடத்தில் விரல் வைத்து, இது நீங்கள் வருவதற்கு முன்னால் என்றேன். விரலை நகர்த்தி, இது வந்த பிறகு என்றேன். அலமேலு கேட்காமலே தன் பிளாக்கையும் கவிழ்த்து நீட்டினாள். அவளுக்கு என்ன தலையெழுத்து? அவள் விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது. அந்தத் தைரியத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் இரண்டு பிளாக்கையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் அவர் முகம் எவ்வளவு இளைத்திருந்தது என்று தெரிந்தது. பின்னால் நிற்கிறவர் முகத்தை நாங்கள் எப்போது பார்த்தோம்? திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"என் பின்னாடியும் ஒருத்தர் நிக்கிறாரும்மா. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டி என் விளக்கைப் போட்டார். அந்த யூனிட்டில் அணைத்த விளக்கு திரும்ப எரிந்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து செக்கிங் மேசையில் வைத்தார். வரிசைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அன்று சாயங்காலம் வரைக்கும் குறைந்த பிளாக் வந்துகொண்டுதான் இருந்தது. மறுநாள்தான் ஓரம் பொட்டோடு ஒட்டி ஓட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை பையரின் ஆள் வந்தார். சிலதை ஒதுக்கினார், மற்றதை எடுத்துக்கொண்டார். லைனை மூடவில்லை. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். வீட்டுக்காரர் வெயில் குறைந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

வேலையை விட்டுப் போன அந்த இரண்டு பேரையும் கூப்பிடச் சொல்லிக் கேட்டோம். கூப்பிடவில்லை. அது இன்னும் என் மனசில் உறுத்துகிறது.

5. சுவிட்ச்

தொண்ணூறுகளின் நடுவில் நான் அதே யூனிட்டில் லைன் சூப்பர்வைசர். கோதண்டம் சார் அதற்குள் போய்விட்டார். அவர் பின்னால் நின்றவர் ஒருநாள் அவரையும் எடுத்துவிட்டார்.

நான் யாருக்கும் விளக்கை அணைத்ததில்லை. யாரையும் அதட்டியதில்லை. என்னைப் பார்த்து ஒருத்தி பயப்படுவாள் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பயந்தே பழகினவர்களுக்கு வருகிற குருட்டுத்தனம் அது.

காட்டுப்பாக்கத்திலிருந்து கவிதா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வேகமான கை, சுத்தமான தையல். ஆனால் அவள் பிளாக் சிலது சட்டத்துக்குள் வைத்தால் மேசை தெரிந்தது. புதுசுதானே, போகப் போகச் சரியாகும் என்று இருந்தேன். ஒருநாள் அவள் பின்னால் நடந்து போகும்போது அவள் மெஷின் விளக்கு கோணலாக இருந்தது, வெளிச்சம் ஊசிமேல் விழவில்லை. பாவம், கண் வலிக்குமே என்று தோளுக்கு மேலே கையை நீட்டி விளக்கைத் திருப்பினேன்.

அவள் மெஷின் நின்றுவிட்டது. கால் பெடலில்தான் இருந்தது, மிதிக்கவில்லை. அவள் திரும்பாமல், தட்டையே பார்த்துக்கொண்டு, "அக்கா, ஊட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன்க்கா" என்றாள்.

விளக்கைப் பற்றிய பழைய கதையை யாரோ அவளுக்கு முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அலமேலு சொன்ன மாதிரி. அவள் தைத்துக்கொண்டிருந்த பிளாக்கை எடுத்துக் கவிழ்த்தேன். பாதி சீர், பாதி பிசகு. இந்தத் தடவை பின்னால் நின்றது நான். சாவிக்கொத்து இல்லை, என் கண்ணாடி வளையல் சத்தமே போதுமாக இருந்திருக்கிறது.

அவள் முன்னால் போய் நின்று, அவளைப் பார்த்து, விளக்கை நேராக்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு மெஷின் விளக்கிலும் இருந்த சுவிட்சைக் கழற்றி, எல்லா விளக்குக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே சுவிட்ச் போடச் சொன்னேன். ஒருத்தி எழுந்து போனாலும் விளக்கு வீணாக எரியுமே, கரண்ட் பில் ஏறாதா என்று ஆபீஸில் கேட்டார்கள். சட்டத்துக்குள் குறைந்து நின்ற பிளாக்குகளைக் கொண்டுபோய்க் காட்டி, ரிஜெக்ட் துணியைவிடக் கரண்ட் மலிவு என்றேன்.

சூப்பர்வைசராகப் போகிற பெண்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். பிளாக் குறைந்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். தையல் எந்த இடத்தில் உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள் என்று யோசியுங்கள்.

புது சுவிட்ச் போட்டு முடித்ததும் எலக்ட்ரீஷியன் என்னைக் கூப்பிட்டு, முதலில் நீங்களே போடுங்கள் என்றார். நான் கவிதாவைக் கூப்பிட்டேன். அவள் தயங்கித் தயங்கி வந்து சுவரில் கை வைத்தாள். லைன் முழுக்க எல்லோருடைய விளக்கும் ஒன்றாக எரிந்தது.